ஏழாவது சீட் யாருக்கு?

அஜ்மானில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இரண்டாவது குழந்தை பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். குழந்தை யார் ஜாடை? பாஸ்போர்ட் எடுத்தாச்சா? கார் மாத்தலையா? முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது மட்டும் வீட்டுக்குள் புகுந்து மாசக்கணக்கில் ஓடும்.

எங்கள் வீட்டிலும் ஓடியது. பழைய செடான் பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் முல்கியா புதுப்பிக்கப் போகும்போது பாஸிங்கில் ஏதாவது ஒன்று மாட்டும். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு இரண்டு. குளிர்காலம் வந்தால் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் விசிட் விசாவில் வருவார்கள். ஆக மொத்தம் ஆறு பேர், ஐந்து சீட். "பேசாம ஏழு சீட்டர் எடுத்துடுங்க தம்பி, நிம்மதி" என்று சொல்லாத ஆள் இல்லை. கூடவே இன்னொரு குரலும் உண்டு. இது வீட்டுக்குள்ளிருந்தே வருவது. பள்ளியில் பருவநிலை மாற்றம் பற்றிப் படித்துவிட்டு வந்த மகள், "அப்பா, நம்ம கார் புகை விடுமா?" என்றாள்.

இந்த இரண்டு குரலுக்கும் நடுவில்தான் நம்மில் பலர் கார் வாங்குகிறோம். வசதியையும் விட முடியவில்லை, மனசாட்சியையும் விட முடியவில்லை. எங்கள் வீட்டில் ஆறு மாசம் போட்ட கணக்கை இங்கே அப்படியே தருகிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

ஆறு பேர், எத்தனை நாள்?

முதலில் எண்ணிப் பார்த்தது நாட்களை. போன தடவை அப்பா அம்மா வந்திருந்தபோது, ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போனது 19 நாள். கார்னிஷ், மால், ஷார்ஜாவில் மாமா வீடு, ஃபுஜைரா ஒரு தடவை, கோயில், கல்யாண ரிசப்ஷன். அவ்வளவுதான். மீதி நாட்களில் நாங்கள் நான்கு பேர், அல்லது மனைவியும் குழந்தைகளும். வாரத்தில் நான்கு நாள் இ311 நெடுஞ்சாலையில் துபாய் போகும்போது அந்தக் காரில் இருப்பது நான் ஒருவன் மட்டும்.

வருஷத்துக்கு 19 நாள் என்பது நூற்றுக்கு ஐந்து. அந்த ஐந்துக்காக மீதி தொண்ணூற்றைந்து நாளும் இரண்டு டன் எடையுள்ள வண்டியை இழுத்துக்கொண்டு திரிய வேண்டுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

ஏழு சீட்டரில் கடைசி வரிசை யாருக்கு என்பதையும் யாரும் சொல்வதில்லை. முழங்கால் வலி உள்ள அம்மாவால் நடு சீட்டை மடக்கி உள்ளே ஏற முடியாது. அப்பாவுக்கு முன் சீட். அப்போது பின்னால் போவது ஏழு வயதுப் பெண். பல வண்டிகளில் அந்தக் கடைசி வரிசைக்கும் பின் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் மிச்சம். அந்த வரிசையைத் தூக்கி வைத்தால் டிக்கியில் பெட்டி வைக்க இடம் கிடையாது. ஊர் போகும் குடும்பம் எத்தனை பெட்டியோடு கிளம்பும் என்று உங்களுக்கே தெரியும். ஏர்போர்ட்டுக்கு எப்படியும் இரண்டாவது வண்டி வேண்டும்.

சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017 ஜூலை முதல் அமீரகத்தில் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். இல்லையென்றால் 400 திர்ஹம் அபராதம், நான்கு கறுப்புப் புள்ளி. பத்து வயதுக்குக் கீழ், அல்லது 145 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழ் இருந்தால் முன் சீட்டில் உட்காரக் கூடாது. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். நம் அப்பாக்கள் தொண்ணூறுகளில் ஒரு கொரோலாவில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போன கதையெல்லாம் இப்போது கதைதான். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு "பக்கத்துலதானே" என்று கிளம்ப முடியாது, கிளம்பவும் கூடாது. சின்னச் சறுக்கலுக்கே மடியிலுள்ள குழந்தை கையில் நிற்காது.

மூன்று குழந்தைகள் உள்ளவர்களுக்கும், தாத்தா பாட்டி கூடவே வசிக்கிற வீட்டுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு ஏழு சீட் தேவைதான். ஆனால் ஏழு சீட் என்றால் ஆறு சிலிண்டர் எஸ்.யூ.வி. என்று அர்த்தமில்லை. ஒன்றரை லிட்டர் எஞ்சினோடு எர்டிகா மாதிரி வண்டிகள் இங்கேயே ஓடுகின்றன. தேவை சீட்டா, கம்பீரமா என்று பிரித்துப் பார்த்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

உயரமான வண்டி பாதுகாப்பானதா?

எஸ்.யூ.வி. வாங்குவதற்குப் பெற்றோர் சொல்லும் முதல் காரணம் பாதுகாப்பு. இந்த ஊர் நெடுஞ்சாலையில் பின்னால் லைட் அடித்துக்கொண்டு வரும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். பெரிய வண்டிக்குள் இருப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பதும் பொய்யில்லை. ஆனால் வண்டிக்கு வெளியே இருக்கும் குழந்தைக்கு?

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023 நவம்பரில் ஒரு ஆய்வை வெளியிட்டது. பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள் மோதினால், தாழ்ந்த பானெட் உள்ள வண்டிகளோடு ஒப்பிடும்போது பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அதில் தெரிந்தது. 40 அங்குலம் என்பது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கிட்டத்தட்ட யு.கே.ஜி. பிள்ளையின் உயரம். அந்தப் பானெட்டுக்கு முன்னால் நிற்கும் பிள்ளை ஓட்டுநர் கண்ணில் படவே படாது. பள்ளி விடும் நேரத்தில் அந்த வாசலில் நிற்பது வேறு யாருடைய பிள்ளையும் அல்ல, நம் பிள்ளைகளும் அவர்களுடைய வகுப்புத் தோழர்களும்தான்.

இரண்டாவது காரணம் வெள்ளம். 2024 ஏப்ரல் 16ஆம் தேதியை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். அல் ஐன் பகுதியில் கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து நாடு கண்ட மிகப் பெரிய மழை அது. ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு "உயரமா ஒரு வண்டி இருந்தாதான் சரி" என்பது எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் பொது ஞானமாகிவிட்டது. ஆனால் அன்று தண்ணீரில் நின்ற வண்டிகளில் எஸ்.யூ.வி.யும் நிறைய இருந்தன. உயரம் ஒரு அடி கூடுதலாக இருந்தால் ஒரு அடி தண்ணீருக்குத்தான் உதவும். அன்று அரசே வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு என்று அறிவித்திருந்தது. வீட்டில் இருந்தவர்களின் வண்டியில் எது பாதுகாப்பு தந்தது என்றால் இன்ஷூரன்ஸ்தான். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவர்களுக்குச் சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இயற்கைச் சீற்றம் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். உயரமான வண்டியைவிட அது மலிவு.

நான்கு கார், ஒரு கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். அல் ஜுர்ஃபிலிருந்து துபாய் சிலிக்கான் ஒயாசிஸ் போய்வர ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வாரத்துக்கு நான்கு நாள், வருஷத்துக்கு 48 வாரம் என்றால் 15,000 கிலோமீட்டர் வேலைக்கே போய்விடுகிறது. பள்ளி, கடை, வார இறுதி எல்லாம் சேர்த்து 22,000 என்று வைத்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். பெட்ரோல் லிட்டருக்கு 2.60 திர்ஹம் என்று வைத்துக்கொண்டேன்.

நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் ஆறு சிலிண்டர் ஏழு சீட்டர்: வருஷத்துக்கு 2,640 லிட்டர், சுமார் 6,900 திர்ஹம், 6 டன் கார்பன்.

7.5 லிட்டர் குடிக்கும் சாதாரண செடான்: 1,650 லிட்டர், 4,300 திர்ஹம், 3.8 டன்.

5 லிட்டரில் ஓடும் ஹைப்ரிட்: 1,100 லிட்டர், 2,900 திர்ஹம், 2.5 டன்.

சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் எடுக்கும் மின்சாரக் கார்: 4,400 யூனிட். இதில் கார்பன் எவ்வளவு என்பது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. அபுதாபியின் பராக்கா அணுமின் நிலையத்தின் நான்காவது உலை 2024 செப்டம்பரில் முழு இயக்கத்துக்கு வந்தது. நான்கும் சேர்ந்து 5,600 மெகாவாட், நாட்டின் மின்தேவையில் நான்கில் ஒரு பங்கு வரை. சூரிய மின்சாரமும் கூடிவருகிறது. மீதி பெரும்பாலும் இயற்கை எரிவாயு. யூனிட்டுக்கு 300 முதல் 400 கிராம் என்று நான் போட்ட கணக்கில் வருஷத்துக்கு 1.3 முதல் 1.8 டன் வந்தது.

இந்த வரிசையை மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். பெரிய வண்டியிலிருந்து சாதாரண செடானுக்கு இறங்கினால் 2 டன்னுக்கு மேல் குறைகிறது. செடானிலிருந்து ஹைப்ரிட்டுக்கு 1.3 டன். ஹைப்ரிட்டிலிருந்து முழு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு டன். "எலக்ட்ரிக்கா, பெட்ரோலா" என்றுதான் நாம் விவாதிக்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, வண்டி எவ்வளவு பெரிசு என்பது.

உலகம் எதிர்த்திசையில் போகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2023இல் உலகம் முழுக்க விற்ற புதிய கார்களில் 48 சதவீதம் எஸ்.யூ.வி. என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. நடுத்தரக் காரைவிட இவை சராசரியாக 200 முதல் 300 கிலோ கூடுதல் எடை, சுமார் 20 சதவீதம் கூடுதல் புகை.

மின்சாரக் கார்: பார்க்கிங் யாருடையது?

"அப்ப எலக்ட்ரிக்கே எடுத்துடலாமே" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அஜ்மானில் நம்மில் பெரும்பாலோர் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறோம். பில்டிங்கில் ஒரு பார்க்கிங் கிடைத்தாலே அதிர்ஷ்டம். நுஐமியாவிலும் ராஷிதியாவிலும் எத்தனையோ குடும்பங்கள் இரவு பத்து மணிக்கு மணல் மைதானத்தில் இடம் தேடிச் சுற்றுகின்றன. எங்கள் பில்டிங்கில் சார்ஜர் வைக்கலாமா என்று நாத்தூரிடம் கேட்டேன், அவர் ஓனரின் அலுவலகத்தைக் கேட்டார், "இப்போதைக்கு இல்லை" என்று பதில் வந்தது. ஐந்தாவது மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் விட முடியாது.

அப்போது மிஞ்சுவது பொது சார்ஜர். 2025 தொடக்கத்திலிருந்து யூ.ஏ.இ.வி. நிலையங்களில் வேகச் சார்ஜருக்கு யூனிட்டுக்கு 1.20 திர்ஹம், மெதுவான சார்ஜருக்கு 70 ஃபில்ஸ், இரண்டுக்கும் வாட் தனி. முழுக்க வேகச் சார்ஜரையே நம்பினால் என் 4,400 யூனிட்டுக்கு 5,500 திர்ஹம் ஆகிறது. ஹைப்ரிட்டின் பெட்ரோல் செலவு 2,900தான் என்பதை மறுபடி பாருங்கள். மெதுவான சார்ஜர் என்றால் 3,200. ஆனால் அங்கே வண்டியை மணிக்கணக்கில் விட்டு வைக்க வேண்டும். வில்லாவில் இருப்பவருக்கும், ஆபீஸில் சார்ஜர் உள்ளவருக்கும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். அவர்கள் தயங்கவே வேண்டாம், வாங்கலாம்.

அதனால்தான் இதை ஒரு வீட்டுப் பிரச்னை என்கிறேன். நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார். அங்கே மின்சாரம் பெரும்பாலும் அருவித் தண்ணீரிலிருந்து வருகிறது. அடுக்குமாடியில் சொந்த வீடு உள்ளவர் சார்ஜர் வைக்க அனுமதி கேட்டால், தகுந்த காரணமில்லாமல் சங்கம் மறுக்க முடியாது. ஒஸ்லோவில் உள்ள தமிழ்க் குடும்பத்துக்கு எளிதாக இருப்பது அஜ்மானில் கடினமாக இருப்பதற்குக் காரணம் மனசாட்சி குறைவு அல்ல. சாவி ஓனரிடம் இருக்கிறது. ஒரு குடும்பம் தனியாகக் கேட்டால் "இல்லை" என்பவர், பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்டால் யோசிப்பார். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் அந்தக் கேள்வியை எழுத்தில் போட்டு வையுங்கள். இன்று நடக்காவிட்டாலும் அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது வயரும் இழுக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். பேட்டரிக்கு வெயில் ஆகாது. நிஸ்ஸான் லீஃபின் முதல் தலைமுறையில் பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. 2012இலேயே அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளர்கிறது என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். நம் கோடையும் அதற்குச் சளைத்ததல்ல. திரவக் குளிர்விப்பு இருக்கிறதா, பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம், வண்டி வளைகுடா ஸ்பெக்கா, வாரண்டி இங்கே செல்லுமா என்ற நான்கையும் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்குமதி செய்த வண்டி விலை குறைவாக இருக்கும். அதன் மென்பொருள் அப்டேட்டும் உதிரிபாகமும் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் விற்பவரே தடுமாறுவார்.

ஹைப்ரிட் இந்த வெயிலில் தாங்குமா என்ற சந்தேகத்துக்கு நம் கண் முன்னாலேயே பதில் ஓடுகிறது. துபாயில் 2008இலேயே டாக்ஸியில் ஹைப்ரிட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். இன்று அங்கே நாம் ஏறும் டாக்ஸிகளில் ஹைப்ரிட் கேம்ரி சர்வசாதாரணம். ஷிஃப்ட் மாறி மாறி இரவும் பகலும் ஏ.சி. போட்டு ஓடும் வண்டிகள் அவை.

"எண்ணெய் எடுக்கிற நாட்டுல நாம மட்டும் ஏன்?"

இந்தக் கேள்வியை என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். "பக்கத்து வில்லாவுல நாலு பெரிய வண்டி நிக்குது. நீங்க ஒரு ஹைப்ரிட் வாங்கி உலகத்தைக் காப்பாத்தப் போறீங்களா?" ஒரு காரால் உலகம் மாறாது, உண்மைதான். ஆனால் நான் பதில் தேடியது நாட்காட்டியில்.

2023 டிசம்பர் 13. துபாய் எக்ஸ்போ சிட்டியில் சி.ஓ.பி. 28 பருவநிலை மாநாடு முடிந்தது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றிலிருந்தும் விலகிச் செல்ல வேண்டும் என்று உலக நாடுகள் முதன்முறையாக ஒப்பந்த வாசகத்திலேயே ஒத்துக்கொண்டன. அது முடிந்து நான்கே நாளில், டிசம்பர் 17, 18 தேதிகளில், தென் தமிழகத்தில் பெருமழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை உடைத்தது. காயல்பட்டினம் என்றால் இங்கே எத்தனை பேருக்குச் சொந்த ஊர்! எங்கள் பில்டிங்கிலேயே ஒரு குடும்பம் இரண்டு நாள் ஊருக்குப் போன் கிடைக்காமல் தவித்தது. அதற்கு நான்கு மாசம் கழித்து, அதே குடும்பம் அஜ்மானில் தண்ணீரில் நின்ற காரைக் கயிறு கட்டி இழுத்தது.

இரண்டு மழைக்கும் காரணம் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏப்ரல் மழையை ஆராய்ந்த வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் குழு, எல் நினோ ஆண்டுகளில் இந்தப் பகுதியில் வரும் இப்படிப்பட்ட பெருமழை 10 முதல் 40 சதவீதம் வரை கனமாகியிருக்கிறது என்றும், புவி வெப்பமாவதே அதற்குப் பெரும்பாலும் காரணம் என்றும் சொன்னது. வளைகுடாத் தமிழருக்கு இரண்டு ஊர். இரண்டிலும் தண்ணீர் ஏறுகிறது. "இது நம்ம ஊரில்லையே" என்று ஒதுங்க நமக்கு மூன்றாவது ஊர் கிடையாது. அமீரகமே 2050க்குள் நெட் ஜீரோ என்று 2021இல் அறிவித்துவிட்டது. வீட்டுக்குச் சொந்தக்காரரே விளக்கை அணைக்கத் தொடங்கும்போது விருந்தாளி எல்லா ஃபேனையும் போட்டு வைப்பது அழகில்லை.

காரைவிடக் கிலோமீட்டர்

கணக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது கிலோமீட்டர். வாரத்தில் இன்னொரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தால் வருஷத்துக்கு 3,840 கிலோமீட்டர் குறைகிறது. பெரிய வண்டி வைத்திருப்பவருக்கு அது ஒரு டன் கார்பன், 460 லிட்டர் பெட்ரோல், கூடவே இ311இல் கழியும் நூறு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். மேலாளரிடம் கேட்கக் காசு செலவில்லை.

ஒரே பக்கம் போகும் நண்பரோடு முறை வைத்துப் போவது இன்னொரு வழி. அதில் கவனமாக இருங்கள். அனுமதி இல்லாமல் காசு வாங்கி ஆள் ஏற்றினால் 3,000 திர்ஹம் அபராதம், வண்டியையும் பிடித்து வைப்பார்கள். இந்த வாரம் என் வண்டி, அடுத்த வாரம் உங்கள் வண்டி என்று கைமாறும் பணம் இல்லாமல் நண்பர்களாகப் போவதுதான் நல்லது. துபாய் யூனியன் வரை போகும் இ400 பஸ் இருக்கிறது. மெட்ரோ பக்கத்தில் ஆபீஸ் உள்ளவர்களுக்கு அது போதும். எதிஹாத் ரயிலின் பயணிகள் சேவைக்கு முதலில் அறிவித்த நான்கு நிலையங்கள் அபுதாபி, துபாய், ஷார்ஜா, ஃபுஜைராவில் வருகின்றன. அஜ்மான் அதில் இல்லை. ஆனால் ஷார்ஜா நிலையம் நமக்குத் தூரமில்லை.

பிறகு பள்ளி வாசல். மதியம் ஏ.சி. ஓட நிற்கும் கார், மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். தினம் 25 நிமிஷம், வருஷத்துக்கு 190 பள்ளி நாள் என்றால் ஒரு காருக்கு 80 லிட்டர். அறுபது கார் நின்றால் 4,800 லிட்டர். ஒரு அடிகூட நகராமல். அந்தப் புகை வருவது சரியாகப் பிள்ளைகளின் மூக்கு உயரத்தில். மூத்தவளைப் பள்ளி பஸ்ஸில் அனுப்பலாமா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. "பஸ்லயே தூங்கிட்டா என்ன பண்றது?" என்பது மனைவியின் பயம். எல்லா அம்மாக்களுக்கும் இருக்கும் பயம்தான். ஒரு நாள் அவளே போய் பஸ்ஸைப் பார்த்தாள். ஆயாவோடு பேசினாள், கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு சீட் சீட்டாகப் பார்க்கிறார்களா என்று நின்று கவனித்தாள். அதற்குப் பிறகுதான் சம்மதித்தாள். இப்போது அந்த அறுபது காரில் ஒன்று குறைவு.

வேலை போனால்?

இது யாரும் சத்தமாகப் பேசாத விஷயம். நம் விசா வேலையோடு கட்டப்பட்டது, கார் கடன் சம்பளத்தோடு கட்டப்பட்டது. மத்திய வங்கி விதிப்படி கார் விலையில் 80 சதவீதம் வரைதான் கடன், அதிகபட்சம் 60 மாசம். ஒன்றரை லட்சம் திர்ஹம் வண்டி என்றால் முப்பதாயிரம் கையிலிருந்து, ஒரு லட்சத்து இருபதாயிரம் கடன். நடுவில் வேலை போனால் முதலில் கழுத்தைப் பிடிப்பது அந்தக் கடன்தான்.

பெட்ரோல் விலையும் நம் கையில் இல்லை. 2015 ஆகஸ்ட்டிலிருந்து இங்கே மாசாமாசம் விலை மாறுகிறது. 2022 ஜூலையில் ஸ்பெஷல் 95 லிட்டருக்கு 4.52 திர்ஹம் வரை போனது. அந்த விலையில் வருஷம் முழுக்க ஓடினால் பெரிய வண்டிக்கு 12,000 திர்ஹம், ஹைப்ரிட்டுக்கு 5,000. சின்னக் கடன், சின்ன டாங்க். இரண்டும் சேர்ந்தால் ராத்திரி தூக்கம் வரும். சுற்றுச்சூழலுக்கு நல்லதும் குடும்பப் பட்ஜெட்டுக்கு நல்லதும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் வருகிறது.

நாங்கள் எடுத்த முடிவு

மூன்று வருஷம் ஓடிய ஐந்து சீட் ஹைப்ரிட், வளைகுடா ஸ்பெக், சர்வீஸ் ரெக்கார்டோடு. புதுக் கார் ஒன்றை உருவாக்குவதிலேயே சில டன் கார்பன் போகிறது என்பதால் பழசு வாங்குவதில் எங்களுக்குக் கூச்சமில்லை. நாங்கள் பார்த்த ஏழு சீட்டருக்கும் இதற்கும் விலை வித்தியாசம் ஐம்பதாயிரம் திர்ஹமுக்கு மேல். அப்பா அம்மா வரும் மாசத்தில் வெளியூர் போகும் நாட்களுக்கு மட்டும் ஏழு சீட்டர் வாடகைக்கு எடுப்போம். பல குளிர்காலங்களுக்கு அந்த வித்தியாசமே போதும். பக்கத்தில் போக ஒரு டாக்ஸி கூடக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்பாவிடம் போனில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். மகன் அமீரகத்தில் பெரிய வண்டி வைத்திருக்கிறான் என்று ஊரில் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருக்குமே என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்கம்மா கால் மடக்காம ஏற முடியுமா?" முடியும் என்றேன். "அப்ப சரிப்பா" என்றார்.

உங்கள் வீட்டிலும் இந்த விவாதம் ஓடிக்கொண்டிருந்தால், ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விடை எழுதிக்கொள்ளுங்கள். போன வருஷம் எல்லா சீட்டும் நிரம்பிய நாள் எத்தனை? தினம் தனியாக ஓட்டும் தூரம் எவ்வளவு, அதில் எது குறையும்? ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரம் கிடைக்குமா? மூன்று மாசம் சம்பளம் வராவிட்டால் தவணை கட்ட முடியுமா? பானெட்டுக்கு முன்னால் உங்கள் சின்னப் பிள்ளையை நிறுத்திவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் தலை தெரிகிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் விடையை ஷோரூமில், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்துக்கொண்டு பாருங்கள். சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.